நாற்பத்தேழாம் வளையம்

ஜூன் 2

வெறும் அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து, பிறகு அடித்துவிட்டேன். இந்த மாதம் அன்புக்குத் தட்டுப்பாடு.

நேற்று போன் தானாகத் துண்டித்துக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. தானாக ஒன்றும் இல்லை. நான்தான் வைத்தேன். நான்கு தடவை பேசினோம், நான்கு தடவையும் நீ கத்தினாய், நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன், கடைசியில் எதைப் பற்றிப் பேசினோம் என்று இரண்டு பேருக்கும் மறந்துபோனது. ஆகவே இனி உன்னோடு போன் கிடையாது. எழுது. தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது. சொன்னதைச் சொல்லவில்லை என்று பின்னால் மழுப்பவும் முடியாது.

விஷயத்தையும் தாளில் வைத்துவிடுகிறேன். கல்லூரிப் படிவத்தை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அதில் 'விரும்பும் பிரிவு' என்று ஒரு கட்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுத நினைத்திருந்தேன். அதையே அந்தக் கல்லூரியில் படிக்கும் நீ, போன விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில், யாரும் கேட்காமலேயே, "அவளுக்கு அது சரிப்படாதுப்பா. வேற ஏதாவது போடச் சொல்லுங்க" என்றாய். அவ்வளவுதான், அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இருந்து படிக்கிறவன் சொல்றான், நமக்கென்ன தெரியும்? அவன் சரின்னு ஒரு வார்த்தை எழுதட்டும், நான் கையெழுத்துப் போடுறேன்" என்கிறார். சித்தி வணிகவியல் என்கிறாள். அம்மாவோ, "எதை வேணா படி. என்னை மாதிரி சலவை மெஷினுக்கு முன்னாடி வந்து நிக்காம இருந்தா போதும்" என்கிறாள்.

எனக்கு அது சரிப்படுமா என்று எனக்கே தெரியாது. அதுதான் உண்மை. பிடிக்கும்போலத் தோன்றுகிறது. ஆனால் பார்க்காத ஒன்றைப் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் உன்னைக் கேட்டேன். நீ கதவைப் படார் என்று சாத்திவிட்டாய்.

மூன்று கேள்வி. ஒன்று, அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என்னதான் செய்வீர்கள்? இரண்டு, நீ எழுதிய ஒன்று ஓடாமல் நின்றுபோனால் அந்த நிமிஷம் உனக்கு என்ன தோன்றும்? மூன்று, எனக்கு ஏன் சரிப்படாது? பூசி மெழுகாமல் எழுது.

கோபம் குறையாத தங்கை


ஜூன் 7

குடைச்சலுக்கு,

ஆறு வயதில் உனக்கு வைத்த பெயர். இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது, வாழ்த்துகள்.

விடுதியில் எனக்குத்தான் கடிதம் வருகிறது என்று எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். காவலாளி உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காதலா தம்பி?" என்று கேட்டார். தங்கை என்றேன். முகம் வாடிப்போய்விட்டது அவருக்கு.

ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று கேட்டாய். இப்போது என் நாள் கொஞ்சம் குளறுபடியானது. என் அறைத்தோழன் ஒட்டகம், அவன்தான் அந்த நெட்டை, மாடிப்படியில் மூன்று படியை ஒரே எட்டில் தாண்டப் பார்த்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் நடைப் பயிற்சி எடுக்க வேண்டும். நான்தான் கூட்டிப் போகிறேன். அங்கே பயிற்சி கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஆள் குள்ளம். ஆனால் நூறு கிலோ மனிதரைக்கூட நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்திவிடுவார். "நீ தூக்காதே. அவர் எழுந்திரிக்க நீ இடம் குடு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் கையை நம் தோளில் போட்டுக்கொண்டு, நம் காலை அவர் காலுக்கு முன்னால் அணையாக வைத்து, மூச்சை அவரோடு சேர்ந்து விட வேண்டும். முதல் நாள் ஒட்டகமும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரில் போய் முட்டினோம்.

மதியத்துக்கு மேல் வகுப்பு. வகுப்பு வகுப்பு மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீ எதையும் முடிப்பதில்லை. கடை வாசல் மணி ஏன் இரண்டு தடவை அடிக்கிறது என்று கழற்றினாய். அது இன்றுவரை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அதுவுமில்லாமல் உனக்கு எதற்கெடுத்தாலும் 'ஏன்'. இங்கே ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. இந்த வருஷம் மட்டும் அறுபத்துநான்கு புரோகிராம். வரி பிசகாமல், கமா பிசகாமல் மனதில் நிற்க வேண்டும். உனக்குப் பொறுமை இல்லை. அண்ணன் என்ற முறையில் சொல்கிறேன், விட்டுவிடு.

வணிகவியலும் நல்ல படிப்புதான்.

அண்ணன்


ஜூன் 11

மேன்மைதங்கிய அண்ணனுக்கு,

இரண்டாவது கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டாய். கவனிக்கவில்லை என்று நினைக்காதே, தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், அறுபத்துநான்கையும் மனப்பாடம் செய்கிறீர்களா? அது என்ன படிப்பு? கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டால் என்ன செய்வாய்?

மணி விஷயத்தில் உன் பேச்சு நியாயம். அது ஏன் இரண்டு தடவை அடித்தது என்று கண்டுபிடித்துவிட்டேன், அதோடு எனக்கு ஆர்வம் போய்விட்டது. தப்புதான். நேற்று உட்கார்ந்து திரும்ப மாட்டினேன். ஒரே ஒரு தடவை அடிக்கிறது. அம்மா திடுக்கிட்டுப் போனாள்.

இங்கே நம் சலவைக் கடையில் இப்போது பெரிய ரகளை. பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டை வாங்க ஆள் அனுப்பினார். உறையைப் பிரித்துப் பார்த்தால் வாத்தியக்குழுக்காரரின் கறுப்புக் கோட்டு, பின்னால் வாலோடு. "இதைப் போட்டுக்கிட்டுப் பல்லைப் பிடுங்கினா நோயாளி எழுந்து ஓடிடுவார்மா" என்று நேரில் வந்து சிரிக்காமல் சொன்னார். வெள்ளைக் கோட்டு வாத்தியக்காரர் வீட்டுக்குப் போயிருந்தது. ஒரு மாதத்தில் இது நான்காவது தடவை. அம்மா சித்தியைச் சொல்கிறாள், சித்தி அப்பாவைச் சொல்கிறாள், அப்பா யாரையும் சொல்லாமல் இஸ்திரிப் பெட்டியைத் தொம்மென்று வைக்கிறார். இரண்டு நாளாக அம்மாவும் சித்தியும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "உங்க சித்திகிட்ட சொல்லு." "உங்க அம்மாகிட்ட சொல்லு." ஒரே அறையில்!

நம் கடை முறையை நீ ஒருநாளும் உற்றுப் பார்த்திருக்க மாட்டாய். சுவர்ப் பலகையில் எண்பது ஆணி. ஆணிக்கு ஒரு வளையம். வளையத்தில் ஒரே எண் அச்சடித்த ஆறு துணி டோக்கன். ஆள் வந்தால் சித்தி ஒரு வளையத்தை எடுத்து, அவர் துணிகளில் டோக்கனைக் குத்தி, அதே எண்ணை ரசீதில் எழுதுவாள். வளையம் மேசை இழுப்பறைக்குள் போகும். துணியை வாங்கிக்கொண்டு அவர் போனதும் டோக்கன்கள் வளையத்துக்கு, வளையம் ஆணிக்கு. ஆணியில் தொங்குகிற எண் காலி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதில் எங்கே தப்பு வர முடியும்?

நான்கு தப்பையும் நாள், எண், துணி என்று ஒரு நோட்டில் எழுதினேன். முதலில் மை மங்கிப்போய் எண்ணைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். எண்பது எண்ணையும் எடுத்துப் பார்த்தேன், பளிச்சென்று இருக்கின்றன. என் முதல் யோசனை அம்பேல். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. நான்கும் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது?

யோசித்துக்கொண்டிருக்கும்,
தங்கை


ஜூன் 15

குடைச்சலுக்கு,

மணி அடிக்கிறதா? நம்ப முடியவில்லை.

துப்பறியும் வேலையை விடு. சித்திக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நீ நடுவில் மூக்கை நுழைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து உன்னைத் திட்டுவார்கள். அப்படியாவது சேர்ந்தால் சரி.

கேள்வியை மாற்றிக் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறாய். பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதை விட்டு வெளியே பெரிதாகப் போக மாட்டார்கள். உனக்கு இதெல்லாம் இப்போது புரியாது.

ஒட்டகம் நேற்று பத்து அடி தனியாக நடந்தான். பதினோராவது அடியில் தடுமாறினான். பயிற்சி அக்கா அப்போது வேறு ஒருவரோடு இருந்தார், நான்தான் பிடித்தேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் இருக்கிறார். இடுப்பில் அறுவை சிகிச்சை. யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம். அவரிடம் போய், "அண்ணே, இந்த வராந்தாவை ரிவர்ஸ் எடுக்கணும்னா எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டேன். மனிதர் விளக்கிச் சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்து, "நீ எந்த வார்டு ஸ்டூடன்ட்?" என்றார். நான் இங்கே படிக்கிறவன் இல்லை என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.

எல்லாத் தப்பும் செவ்வாய்க்கிழமையா? எல்லாமுமேவா?

சரி விடு. படிவத்தை முடித்துத் தொலை.

அண்ணன்


ஜூன் 18

அண்ணா, அண்ணா, அண்ணா,

கிடைத்துவிட்டது! கோபத்தை இரண்டு பக்கத்துக்கு ஒத்தி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் இல்லை. நான்கு தப்பிலும் மாட்டிய வளையங்களைப் பலகையிலிருந்து எடுத்துச் சும்மா எண்ணிக்கொண்டிருந்தேன். பல் டாக்டருக்குக் கொடுத்த நாற்பத்தேழில் ஐந்து டோக்கன்தான் இருந்தது. ஆறு இருக்க வேண்டும். ஆறாவது எங்கே?

சித்தியிடம் கேட்டேன். "கிழிஞ்சிருக்கும், விழுந்திருக்கும், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். மற்ற மூன்று வளையத்தையும் எண்ணினேன். ஒன்றில் நான்கு, இரண்டில் ஐந்து. கிழிவதென்றால் எல்லா வளையத்திலும் அல்லவா கிழிய வேண்டும்?

அப்புறம், டாக்டர் திருப்பிக் கொடுத்து இன்னும் கடையிலேயே கிடந்த வாத்தியக்காரரின் கறுப்புக் கோட்டை எடுத்துப் பார்த்தேன். அதன் உள்மடிப்பில் குத்தியிருந்தது அந்த ஆறாவது. நாற்பத்தேழு!

என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். வாத்தியக்காரருக்கு முதலில் கிடைத்த எண் நாற்பத்தேழு. நான்கு துணி கொடுத்தார். சட்டை மூன்றும் ஆயிற்று. கோட்டில் கறை போகவில்லை, இரண்டாம் சலவைக்கு நிறுத்தி வைத்தார்கள். அவர் மூன்று சட்டையை வாங்கிக்கொண்டு போனார். ஆள் போய்விட்டார் அல்லவா, சித்தி மூன்று டோக்கனைக் கழற்றி, வளையத்தில் கோத்து, ஆணியில் மாட்டிவிட்டாள். பலகையைப் பொறுத்தவரை நாற்பத்தேழு காலி. ஆனால் உள்ளே ஈரத் துணிக் கூடையில் ஒரு நாற்பத்தேழு உயிரோடு கிடக்கிறது! அடுத்த நாள் பல் டாக்டர் வருகிறார், அவருக்கும் நாற்பத்தேழு. அம்மா இரண்டாம் சலவை போடுவது வாரத்தில் ஒரே நாள், திங்கள். காய்ந்து இஸ்திரியாகி அலமாரிக்கு வருவது செவ்வாய். செவ்வாய்க்கிழமை அலமாரியில் இரண்டு நாற்பத்தேழு பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

யார் மேலும் தப்பு இல்லை, அண்ணா. அம்மா சரியாகத்தான் துவைத்தாள், சித்தி சரியாகத்தான் மாட்டினாள், அப்பா சரியாகத்தான் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மூன்று சரியும் சேர்ந்து ஒரு தப்பு. இது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. கடைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

புது விதி போட்டாயிற்று. கடைசித் துணி வெளியே போகும்வரை வளையம் ஆணிக்குப் போகாது, இழுப்பறைக்கும் போகாது. அந்தத் துணியின் ஹேங்கரிலேயே தொங்கும். சித்தி முதலில் முறைத்தாள். பிறகு நோட்டை வாங்கி மூன்று தடவை படித்துவிட்டு, "உங்க அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். உள்ளே போய் நேரில் சொன்னாள்.

இப்போது சொல். இது உங்கள் படிப்பில் வருமா, வராதா?

தங்கை


ஜூன் 23

அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. கிடைத்திருந்தால் அதைக் கிழித்துப் போடு.

என் அருமையான விதி நேற்று கடையைக் கவிழ்த்துவிட்டது. பின் அலமாரியில் யாரும் வாங்க வராத பழைய துணிகள் கிடக்கின்றன அல்லவா, அவற்றிலும் டோக்கன் இருந்தது. விதி என்றால் விதிதானே என்று ஒவ்வொன்றுக்கும் அதன் வளையத்தைத் தேடிப் பிடித்து ஹேங்கரில் மாட்டினேன். முப்பத்தொரு துணி. முப்பத்தொரு வளையம். பெருமையாக வேறு இருந்தது. நேற்று பள்ளிச் சீருடைக் கூட்டம். பதினோரு மணிக்கெல்லாம் பலகையில் ஒரு வளையம்கூட இல்லை. வெறும் ஆணி! வாசல்வரை ஆள் நிற்கிறார்கள், சித்தி திருதிருவென்று விழிக்கிறாள். அம்மா உள்ளேயிருந்து வந்து, எல்லோர் முன்னாலும், "ஓடிக்கிட்டிருந்த கடையை நிறுத்திப்புட்டியே! உன் மூளையை வீட்டுலேயே வச்சிட்டு வரக்கூடாதா?" என்றாள். காது சுட்டது.

அப்பா வெறும் ஆணிகளைப் பார்த்துவிட்டு இஸ்திரிக்குத் திரும்பிவிட்டார். அது இன்னும் மோசம். சித்தி பாவம் பார்த்து என் படிவத்தில் பென்சிலால் வணிகவியல் என்று எழுதி வைத்திருக்கிறாள். அழிக்க மனம் வரவில்லை. நீ சொன்னது சரிதானோ என்று முதல்முறையாகத் தோன்றுகிறது. கழற்றத் தெரிகிறது, மாட்டத் தெரியவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. யாரும் வராத துணிக்கு வளையம் எதற்கு? அடையாளம்தானே வேண்டும். இரண்டு மாதம் தாண்டினால் அதற்கு ஒரு சிவப்புத் துண்டைக் குத்தி, ஆளின் பெயரை நோட்டில் எழுதிவிட்டு, வளையத்தை விடுவித்துவிட்டால் என்ன? நாளைக்குச் செய்து பார்க்கலாம். அம்மா என்னைக் கடைக்குள் விட்டால்.

இன்னொன்று. தூக்கம் வராமல் உன் இரண்டு கடிதத்தையும் நோட்டு போட்டுப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, இப்போது எனக்கு எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றுகிறது. காவலாளி, ஒட்டகம், பயிற்சி அக்கா, லாரி ஓட்டுநர் என்று ஆட்கள் எல்லோரும் குரலோடு வருகிறார்கள். ஒருவரை எப்படி எழுப்பி நிறுத்துவது என்று எனக்கே இப்போது தெரியும். கம்ப்யூட்டர் பற்றி மொத்தம் ஏழு வரி. அதில் ஒரு வரி, 'வகுப்பு வகுப்பு மாதிரிதான் இருக்கும்.'

அண்ணா, அங்கே என்ன நடக்கிறது?

தங்கை


ஜூன் 26

தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் என் முன்னால் இருக்கின்றன. முதல் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஐந்து தாள் கிழித்தேன்.

முதலில் உன் கேள்வி. இது எங்கள் படிப்பில் வருமா என்று கேட்டாய். வரும். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஓர் இடத்தை ஒருவன் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அது காலி என்று நினைத்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டால் உன் கறுப்புக் கோட்டு வெள்ளைக் கோட்டு கதைதான். பலகை காலியானதும் வரும். யாருக்கும் வேண்டாத இடங்களை விடுவிக்காமல் பிடித்து வைத்திருந்தால் கடைசியில் கொடுக்க இடமே இருக்காது, எல்லாம் நின்றுபோகும். இரண்டும் இரண்டு தனிப் பாடம். எங்களுக்கு ஆறு வாரம் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். நீ ஆணிப் பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். இரண்டாவதைத் தப்பு செய்து கண்டுபிடித்தாய், அதுவும் திட்டு வாங்கிய மறுநாளே.

போன தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. விளக்கம் எழுதச் சொன்னார்கள். வரி பிசகாமல் எழுதினேன், முழு மதிப்பெண். அது என்னவென்று எனக்குப் புரிந்தது உன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்தபோதுதான். உண்மையாகச் சொல்கிறேன். விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். 'ஓ, இதுதானா?' என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் வெட்கமாக இருந்தது.

மனப்பாடம் செய்யாத கேள்வி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாயே. மனப்பாடம் செய்ததையே எழுதி வைத்துவிட்டு வருவேன். மூன்று தாளில் அப்படித்தான் எழுதினேன். மூன்றிலும் தோல்வி. இது வீட்டில் யாருக்கும் தெரியாது. நீதான் முதல் ஆள்.

நான் விழுங்கிய இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எழுதியது ஓடாமல் நின்றால் எனக்குப் பயம் வருகிறது. மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றுகிறது, பல நாள் போய்விடுகிறேன். என் வகுப்பில் நன்றாகச் செய்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கும் ஓடாது, என்னைவிட அதிகமாகவே ஓடாது. ஆனால் அவர்களுக்கு அப்போதுதான் முகத்தில் களை வரும். "ஏன்டா நிக்குது?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். உனக்கு வருவது அது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அப்படியானால் மேசையில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். நீ இங்கே வந்து சேர்ந்தால் ஒரே வாரத்தில் என்னைக் கண்டுபிடித்துவிடுவாய். அதுதான் காரணம், வேறு எதுவுமில்லை. உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன். அதற்கு உன் நான்கு வருஷத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இதற்குள் இன்னோர் உறை இருக்கிறது. அது அப்பாவுக்கு. உன்னைப் பற்றி நான் சொன்னது பொய் என்று அதில் எழுதியிருக்கிறேன். மூன்று தாள் விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். நீ அதைப் பிரித்துப் படிக்காதே. படிப்பாய் என்று தெரியும், ஆகவே பசையை இரண்டு தடவை தடவியிருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்த்தாயா, தட்டுப்பாடு நீங்கிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் கடிதத்தால்தான் எல்லாம் நடந்தது என்று நீ மிதப்பாகத் திரிவாய். இருபத்தேழாம் தேதி நூலகத்துக்குப் போய், அங்கிருக்கும் கம்ப்யூட்டரில், சிவப்புத் துண்டு போட்ட பிறகு ஒழுங்காக ஓடும் நம் ஆணிப் பலகையை புரோகிராமாக எழுதிப் பார்த்தேன், ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. முப்பத்தெட்டுத் தப்பு காட்டியது. முப்பதைச் சரி செய்தேன். மிச்சம் எட்டை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை, நூலகர்தான், "பூட்டணும்மா" என்று எழுப்பிவிட்டார். மறுநாள் போய் எட்டையும் முடித்தேன். கவனி, முடித்தேன். அன்று அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, "அண்ணன் எழுதினாலும் எழுதாட்டியும் நான் அதைத்தான் போடப் போறேன்பா" என்றேன். அவர், "அந்தத் தண்ணி பாட்டிலை எடு" என்றார். அவ்வளவுதான்.

நேற்று உன் உறை வந்தது. நான் பிரிக்கவில்லை. பசை காரணம் இல்லை, கை வரவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒரு பக்கம் திருப்பினார், மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். தீய்ந்த வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியை யாரோ ஒருவரின் திரைச்சீலை மேலேயே வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு துணியைத் தீய்த்து நான் பார்த்ததில்லை. அம்மா ஓடி வந்து பெட்டியை எடுத்தாள். கடிதத்தை வாங்கி அவளும் படித்தாள். அழுதாள், ஆனால் சத்தம் இல்லை.

தீய்ந்த திரைச்சீலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அப்பா பேசினார். "அவனைக் கேட்காம நான்தான் அவன் படிவத்துல அந்தக் கட்டத்தை எழுதினேன். நல்ல துணிதான். ஆனா அவனோடது இல்ல போல" என்றார். பிறகு, "மாத்திக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா நாம என்ன பண்ணுவோம்? வாங்கிட்டுச் சரியானதைக் குடுப்போமில்ல? திட்டவா செய்வோம்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆனால் உனக்குத் திட்டு உண்டு, அண்ணா. மூன்று தாளுக்காக அல்ல, மறைத்ததற்காக. அதை வாங்கிக்கொள்.

சித்தி எழுதிய பென்சில் எழுத்தை சித்தியே ரப்பரால் அழித்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார். இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், பாதி போய்விட்டது. மிச்சத்தை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிட எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ஒட்டகம் பதினோராவது அடியில் தடுமாறினான் என்றாயே, அந்த நிமிஷம் உனக்கு என்ன தோன்றியது? மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்றா?

எழுத வேண்டாம், போன் பண்ணு. நான் எடுக்கிறேன். குறுக்கே பேச மாட்டேன்.

குடைச்சல்